சீருடை களைந்த வான்வீரர்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், குண்டு வீசுவதற்காக இங்கிலாந்திலிருந்து இரவிற் புறப்பட்ட விமானமொன்று விடியுமுன் தன் தளத்துக்குத் திரும்பாவிட்டால், அதிற் சென்றோரின் வீடுகளுக்குத் தந்தி போகும். ‘காணாமற் போனார்’ என்பதே அத்தந்தியின் சாரம். இறந்தாரா, பிழைத்தாரா, பகைவர் கையிற் பிடிபட்டாரா என்பதை அத்தந்தியை அனுப்பியவரும் அறியார். கைநீட்டிப் பெற்றுக்கொண்ட தாயோ மனைவியோ அறியார். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை விதமான முடிவுகள் அடங்கிக் கிடந்தன என்பது போர் முடிந்த பின்னரே தெளிவாயிற்று. அம்முடிவுகளுள் ஒன்று பலரும் நம்ப மறுத்த முடிவாகும். போர்ச் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவர்களான 168 விமானப் படையினர், அச்சட்டம் எட்டாத புகென்வால்ட் வதைமுகாமில் அடைக்கப்பட்ட வரலாறே அது.

அவ்வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு, குண்டுவீச்சு விமானத்திற் செல்லும் வீரனின் நிலையை முதலில் அறிதல் வேண்டும். பிரித்தானிய அரச விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் போர்க் காலம் முழுவதிலும் ஏறக்குறைய 125,000 பேர் விமானங்களில் ஏறிப் பணியாற்றினர். அவர்களுள் 55,573 பேர் உயிரிழந்தனர். 9,800க்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். இவர்கள் யாவரும் பிரித்தானியரல்லர். கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, மேற்கிந்தியத் தீவுகள் முதலிய நாடுகளிலிருந்து வந்த இளைஞர்களும் அவர்களுள் இருந்தனர். பெரும்பாலோர் இருபது வயதையொட்டியவர்கள்.

லங்காஸ்டர் என்னும் நான்கு இயந்திர விமானத்தில் எழுவர் செல்வர். விமானி, பொறியியலாளர், வழிகாட்டி, குண்டு வீசுபவர், கம்பியில்லாத் தந்திக்காரர், துப்பாக்கி வீரர் இருவர் என அவர்களுக்குத் தனித்தனி வேலைகள் உண்டு. இடநெருக்கடி காரணமாக அவர்களுட் பலர் பாராசூட்டை முதுகில் அணிந்திருப்பதில்லை. தோள்வாரை மாத்திரம் அணிந்துகொண்டு, பொதியை அருகில் வைத்திருந்து, ஆபத்து நேர்ந்ததும் மார்பிற் கொளுவிக்கொள்வர். விமானத்தின் முன்பகுதியில், தரைப் பலகையில் அமைந்த வெளியேறும் வாயில் 22 அங்குல அகலமே கொண்டது. தீப்பற்றிச் சுழன்று விழும் விமானத்தில், இருளில், கனத்த உடைகளுடன், அந்தச் சிறு வாயிலை நாடிச் செல்ல வேண்டும். வீழ்த்தப்பட்ட லங்காஸ்டர் விமானங்களிலிருந்து உயிர் தப்பியவர்கள் நூற்றுக்குப் 15 பேர் அளவினரே எனப் பின்னர் கணக்கிடப்பட்டது. பகலிற் பறந்த அமெரிக்க விமானங்களிலிருந்து ஏறக்குறையப் பாதிப் பேர் தப்பினர் என்பதனோடு இதனை ஒப்புநோக்கலாம்.

இவ்வாறு தப்பித் தரையிறங்கியவனுடைய விதி, அவன் எந்த மண்ணில் இறங்கினான், யார் கையில் முதலில் அகப்பட்டான் என்ற இரண்டையுமே பொறுத்திருந்தது.

ஜேர்மன் நாட்டில், அதுவும் குண்டுவீச்சுக்கு இலக்கான நகரத்தின் அருகே இறங்கியவனுக்குப் பேராபத்துக் காத்திருந்தது. 1943 யூலையில் ஹம்பர்க் நகரில் நிகழ்ந்த குண்டுவீச்சுகளினால் மூண்ட பெருந்தீயில் 35,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெற்றோரையும் பிள்ளைகளையும் இழந்தவர்களின் நடுவே வந்து விழும் வீரன்மீது அவர்கள் கோபம் கொண்டதில் வியப்பில்லை. அக்கோபத்தை அடக்க வேண்டிய அரசோ அதற்கு எண்ணெய் வார்த்தது. பொதுமக்களுக்கும் ‘பயங்கர வான்வீரர்’களுக்கும் இடையே நேரும் சச்சரவுகளிற் பொலிசார் தலையிட வேண்டியதில்லை என 1943 ஓகஸ்டில் ஹிம்லர் பணித்தார். வான்வீரரை அடித்துக் கொன்ற மக்கள்மீது வழக்குத் தொடர வேண்டாம் என்னும் பொருள்பட 1944 மே மாதத்தில் போர்மன் சுற்றறிக்கை விடுத்தார். எனினும், வெறிகொண்ட கூட்டத்திடமிருந்து பகை வீரனைக் காப்பாற்றி, சட்டப்படி சிறைக்கு அனுப்பிய ஜேர்மன் படையினரும் பலர் இருந்தனர்.

அங்ஙனம் படையினர் கையில் அகப்பட்டவர்கள், பிராங்பர்ட் நகருக்கு அருகிலுள்ள ஓபருர்செல் என்னுமிடத்தில் இருந்த விசாரணை நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைப்படி, போர்க் கைதியானவன் தன் பெயரையும் பதவியையும், அல்லது தன் படை எண்ணையும் கூறினாற் போதுமானது. விசாரணையாளர்கள் அதற்கு மேலும் அறிய விரும்பிச் சில தந்திரங்களைக் கையாண்டனர். செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவம் போன்ற போலிப் படிவமொன்றை நீட்டி, படைப்பிரிவு, விமான வகை முதலியவற்றை எழுதுமாறு கேட்பது அவற்றுள் ஒன்று. தனியறைச் சிறையும் உண்டு. ஆயினும் அவ்விசாரணை முடிந்ததும் அவர்கள் விமானப்படையின் பொறுப்பிலிருந்த போர்க் கைதிகள் முகாமுக்கு அனுப்பப்படுவர். அங்கே பசி இருந்தது, ஏக்கம் இருந்தது. ஆனால், பெயர் இருந்தது, பதவி இருந்தது, வீட்டுக்குக் கடிதம் எழுதும் உரிமையும் இருந்தது.

பிரான்ஸ், பெல்ஜியம், ஒல்லாந்து முதலிய நாடுகளில் இறங்கியவர்களுக்கு இன்னொரு வழியும் திறந்திருந்தது. அந்நாடுகள் ஜேர்மனியரின் பிடியில் இருந்தன. ஆனால் மக்கள் ஜேர்மனியரின் பக்கம் இல்லை. ஆகவே ஒளிந்து, நடந்து, எல்லை கடந்து, ஸ்பெயின் நாட்டின் வழியாக இங்கிலாந்து திரும்பிவிடலாம். இதற்கென ஒவ்வொரு வீரனிடமும் சில பொருள்கள் கொடுக்கப்பட்டிருந்தன. பட்டுத் துணியில் அச்சிட்ட தேசப்படம், சட்டைப் பொத்தானுக்குள் மறைத்த திசைகாட்டி, அந்நாட்டு நாணயத் தாள்கள், சிறிதளவு உணவு என்பன அவை. மேற்பகுதியை வெட்டி நீக்கினால் ஊரார் அணியும் சப்பாத்துப் போலத் தோன்றும் காலணியும் பலரிடம் இருந்தது. சாதாரண உடையில் எடுத்த சிறு புகைப்படத்தையும் பலர் சட்டைப்பையில் வைத்திருந்தனர். போலி அடையாள அட்டை தயாரிப்பவருக்கு அது உதவும்.

ஆனால் இவையெல்லாம் துணைப்பொருள்களே. உண்மையான துணை மக்களிடமிருந்தே வந்தது. பண்ணைக் கதவைத் தட்டும் அந்நியனை உள்ளே அழைப்பதா, விரட்டுவதா என்பதை ஓர் ஏழை உழவன் நொடிப்பொழுதில் தீர்மானிக்க வேண்டும். 1941 செப்டெம்பர் 22ஆம் தேதி பாரிஸ் நகரில் ஜேர்மன் படைத் தளபதி ஸ்டுல்ப்நாகெல் விடுத்த அறிவித்தல் சுவர்தோறும் ஒட்டப்பட்டிருந்தது. பாராசூட்டில் இறங்கிய பகைவருக்கு உதவும் ஆண் உடனே சுட்டுக்கொல்லப்படுவான். பெண் ஜேர்மனியிலுள்ள வதைமுகாமுக்கு அனுப்பப்படுவாள். பகைவரைப் பிடித்துக் கொடுப்போருக்கோ 10,000 பிராங்க் வரை வெகுமதி உண்டு. இதனை வாசித்தறிந்த பின்னரும் ஆயிரக்கணக்கானோர் கதவைத் திறந்தனர். பெல்ஜிய நங்கை அந்திரே த யோங் 1941இல் தொடங்கிய ‘வால்வெள்ளி’ என்னும் இரகசிய வழி, பிரசெல்ஸ் நகரிலிருந்து பாரிஸ் ஊடாகப் பிரனீஸ் மலை வரை நீண்டிருந்தது. அப்பெண்மணி தாமே நூற்றுக்கு மேற்பட்டோரை அழைத்துச் சென்றார். 1943 சனவரியிற் பிடிபட்ட அவர் வதைமுகாம்களில் வாடி உயிர் மீண்டார். அவர் தந்தையாரோ 1944 மார்ச் மாதத்திற் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இவ்வழியிற் செல்பவன் முதலிற் செய்ய வேண்டிய காரியம், சீருடையைக் களைந்து ஊரார் உடையை அணிவதாகும். இங்கேதான் சிக்கல் எழுந்தது. சாதாரண உடையில் அகப்படும் படைவீரன் உளவாளியாகக் கருதப்படலாம். உளவாளிக்கோ மரண தண்டனை. ஆனால் சர்வதேச விதிகள் இதனைத் தெளிவாகவே வகுத்துள்ளன. மாறுவேடத்திற் சென்று, பகைவரின் இரகசியங்களைத் திரட்டுபவனே உளவாளி. தன் படைக்குத் திரும்பும் நோக்கத்துடன் மாத்திரம் உடையை மாற்றிக்கொண்டவன் உளவாளியல்லன். சிறையிலிருந்து தப்பி மீண்டும் பிடிபட்ட போர்க் கைதிக்குங்கூட 30 நாட்களுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனை விதிக்கலாகாது என்பது ஜெனீவா உடன்படிக்கையின் விதி. இதற்காகவே வீரர்கள் தம் கழுத்திலிருந்த அடையாள வில்லைகளைக் கழற்றாது சட்டையின் கீழ் மறைத்து வைத்தனர். சீருடை போனாலும், தாம் படைவீரர் என்பதற்கு அச்சிறு வில்லைகளே சாட்சி என நம்பினர்.

அந்த நம்பிக்கை பொய்த்துப்போன காலம் 1944ஆம் ஆண்டின் கோடை. யூன் 6ஆம் தேதி நேச நாட்டுப் படைகள் நோர்மண்டிக் கரையில் இறங்கின. அங்கே ஜேர்மன் துணைப்படைகள் சென்று சேராதவாறு தடுப்பதற்காகப் பாரிஸ் நகரைச் சூழ்ந்த புகையிரத நிலையங்கள்மீது இரவுதோறும் குண்டுகள் வீசப்பட்டன. யூன் 7ஆம் தேதி இரவு இத்தகைய நான்கு இலக்குகளைத் தாக்கச் சென்ற 337 விமானங்களில் 28 திரும்பவில்லை. திரும்பாதவற்றுள் ஒன்று, மாசி-பலேசோ என்னும் புகையிரத நிலையத்தைத் தாக்கச் சென்ற லங்காஸ்டர். அதன் விமானி ஸ்குவாட்ரன் லீடர் பிலிப் லாமசன் என்பவர். நியூசிலாந்தின் நேப்பியர் நகரிற் பிறந்த அவருக்கு அப்போது வயது 25. அவருடன் சென்றவர்களுள் இருவர் மாண்டனர். அவரும் ஏனைய நால்வரும் பாராசூட்டில் இறங்கினர்.

லாமசனையும் அவருடைய வழிகாட்டியையும் பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தினர் ஏழு வாரங்கள் வரை வீடு மாற்றி வீடு ஒளித்து வைத்தனர். பின்னர் ஸ்பெயினுக்கு அனுப்பும் பொருட்டுப் பாரிஸ் நகருக்கு அழைத்து வரப்பட்ட அவர்கள் அங்கே காட்டிக்கொடுக்கப்பட்டனர். எதிர்ப்பு இயக்கத்துக்குள் நுழைந்திருந்த இரட்டை ஒற்றர்கள், அடைக்கலம் தருவதாகக் கூறி வான்வீரர்களை அழைத்துச் சென்று, நேரே இரகசியப் பொலிசாரான கெஸ்டாப்போவிடம் ஒப்படைத்துக் கொண்டிருந்தனர். வேலியே பயிரை மேய்ந்தது.

இவ்வாறு அகப்பட்ட வான்வீரர் யாவரும் பாரிஸ் நகருக்குத் தெற்கேயுள்ள பிரேன் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்கள் அடையாள வில்லைகளைக் காட்டினர். பெயரையும் பதவியையும் படை எண்ணையும் கூறினர். கெஸ்டாப்போ அவற்றைப் பொருட்படுத்தவில்லை. சீருடையின்றி அகப்பட்டவர் உளவாளி என்றும், நகரங்களை அழித்தவர் பயங்கரவாதி என்றும் கூறி, போர்க் கைதியின் உரிமையை அவர்களுக்கு மறுத்தது. உதவியவர்கள் யார் என்பதைச் சொன்னாற் படைமுகாமுக்கு அனுப்புவதாக ஆசையும் காட்டப்பட்டது. ஓர் உழவனின் பெயர், ஓர் ஆசிரியையின் பெயர், ஒரு தெருவின் பெயர்: இவற்றுள் ஒன்றை உரைத்தாலும் ஒரு குடும்பம் அழியும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1944 ஓகஸ்ட் 15ஆம் தேதி, பாரிஸ் நகர் விடுதலை பெறுவதற்குச் சரியாகப் பத்து நாட்கள் முன்னதாக, பாந்தான் புகையிரத நிலையத்திலிருந்து கைதிகளை ஏற்றிய நீண்ட வண்டித்தொடரொன்று கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. அதில் 2,000க்கு மேற்பட்டோர் மாட்டு வண்டிப் பெட்டிகளில் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் பிரெஞ்சு மக்கள். அவர்களிடையே 168 வான்வீரரும் இருந்தனர். வழியில் மார்ன் ஆற்றுப் பாலம் குண்டுவீச்சினால் உடைந்திருந்தமையால், கைதிகள் யாவரும் இறக்கி நடத்தப்பட்டு, அப்பால் நின்ற வேறு வண்டியில் ஏற்றப்பட்டனர். அப்பாலம் உடைந்தது நேச நாட்டு விமானங்களின் செயலாகும். வான்வீரர் தம் கையாற் செய்யக் கற்ற வேலையின் பயனை அங்கே தம் காலால் நடந்து கண்டனர். ஐந்து நாட்களின் பின்னர், ஓகஸ்ட் 20ஆம் தேதி, வண்டி புகென்வால்ட் வதைமுகாமை அடைந்தது. பெண் கைதிகள் ராவென்ஸ்புரூக் முகாமுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர்.

புகென்வால்ட், கவிஞர் கேதே வாழ்ந்த வைமார் நகருக்கு ஐந்து மைல் தொலைவிலுள்ள எட்டர்ஸ்பேர்க் குன்றின்மேல் 1937இல் அமைக்கப்பட்டது. அதன் இரும்பு வாயிலில் ‘அவரவர்க்கு உரியது அவரவர்க்கு’ என்னும் பொருள்படும் வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. உள்ளே நிற்பவர் வாசிக்கத்தக்கதாக அது திருப்பி அமைக்கப்பட்டிருந்தது. இம்முகாமில் 1945 வரை அடைக்கப்பட்டோர் ஏறக்குறைய 280,000 பேர். மாண்டோர் 56,000 பேர்.

அங்கே வந்த 168 பேரில் 82 பேர் அமெரிக்கர், 48 பேர் பிரித்தானியர், 26 பேர் கனடியர், 9 பேர் அவுஸ்திரேலியர், இருவர் நியூசிலாந்தினர், ஒருவர் ஜமெய்க்கர். அவர்களுடைய தலைமயிர் மழிக்கப்பட்டது. காலணி பறிக்கப்பட்டது. மெல்லிய கைதியுடை வழங்கப்பட்டது. பெயருக்குப் பதிலாக இலக்கம் கொடுக்கப்பட்டது. கூரையில்லாத வெளியில், கல் பாவிய தரையில், போர்வையின்றி ஏறக்குறைய மூன்று வாரங்கள் அவர்கள் படுத்துறங்கினர். அவர்களைப் பற்றிய பதிவுகளில், வேறெந்த முகாமுக்கும் மாற்றலாகாது எனப் பொருள்படும் குறிப்பு இடப்பட்டிருந்தது. கைதி அந்த முகாமை விட்டு உயிரோடு வெளியேறக் கூடாது என்பதே அக்குறிப்பின் உட்பொருள்.

அவர்களுள் உயர்ந்த பதவியினர் லாமசன். முதலிரவிலேயே அவர் அனைவரையும் அணியாக நிற்கச் செய்தார். தம்மைத் திருடரையும் கொலைஞரையும் போல நடத்துகின்றார்கள் எனினும், தாம் படைவீரர் என்பதை ஒருவரும் மறக்கலாகாது என்றும், இனிப் பயிற்சியிற் கற்றபடியே நடக்க வேண்டும் என்றும் கூறினார். நாடுவாரியாகக் குழு பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தலைவரை நியமித்தார். இரவிற் காவலுக்கு முறை வகுத்தார். கைதிகளைக் கணக்கெடுக்கும் திடலுக்கு வெறுங்காலுடன், கிழிந்த உடையுடன், ஆனால் வரிசை குலையாது அவர்கள் அணிநடை போட்டுச் சென்றனர். பார்த்தோர் வியந்தனர், காவலரோ சினந்தனர்.

இந்த அணிநடையை வெறும் வீம்பு என எண்ணுவதற்கில்லை. வதைமுகாமின் நோக்கம் மனிதனைத் தனியனாக்குவது. பசித்தவன் பக்கத்திலிருப்பவனின் பாணைத் திருடுவான். திருடியவன் தன்னை வெறுப்பான். தன்னை வெறுத்தவன் விரைவில் மாள்வான். வரிசையில் நிற்பவனுக்கோ தன் வலப்புறத்தில் ஒருவன், இடப்புறத்தில் ஒருவன் உண்டு. அவன் விழுந்தால் அவர்கள் அறிவர். சீருடையைப் பறித்தவர்களால், அச்சீருடை கற்பித்த ஒழுங்கைப் பறிக்க முடியவில்லை. தாம் போர்க் கைதிகள் என்ற வழக்கை வாதாட அவர்களிடம் எஞ்சியிருந்த ஒரே சான்றும் அவ்வொழுங்கே.

வந்து நான்கு நாட்களில், ஓகஸ்ட் 24ஆம் தேதி நண்பகலில், அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் முகாமை அடுத்திருந்த ஆயுதத் தொழிற்சாலையைத் தாக்கின. தம் நாட்டு விமானங்களின் குண்டுகள் தம்மருகே விழுவதை வான்வீரர் தரையிற் கிடந்து கண்டனர். அத்தாக்குதலிற் கைதிகள் முந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். கேதேயின் பெயரால் வழங்கிய பழைய ஓக்கு மரமும் எரிந்தது. பின்னர், வான்வீரரை ஆயுத உற்பத்தி வேலையில் ஈடுபடுத்துமாறு முகாம் அதிகாரிகள் பணித்தபோது லாமசன் மறுத்துவிட்டார். போர்க் கைதியைப் போர்த் தளவாட வேலைக்கு ஏவலாகாது என்பது சட்டம் என்றார். துப்பாக்கி ஏந்திய காவலர் அவரைச் சூழ்ந்து நின்றனர். தாம் சுடப்படப் போவதாகவே அவர் எண்ணினார். ஆயினும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. இறுதியில் அதிகாரியே பின்வாங்கினான்.

அதே கோடையில், பிரித்தானிய, பிரெஞ்சு இரகசியப் பணியாளர் 37 பேரும் பாரிஸ் நகரிலிருந்து அம்முகாமுக்குக் கொண்டுவரப்பட்டிருந்தனர். செப்டெம்பர் மாதத்தில் அவர்களுட் பதினாறு பேரின் பெயர்கள் ஒலிபெருக்கியில் அழைக்கப்பட்டன. சென்றவர்கள் திரும்பவில்லை, அவர்கள் தூக்கிலிடப்பட்டனர். அடுத்த முறை தமக்கோ என்னும் அச்சம் வான்வீரரிடையே பரவிற்று. அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. அவர்களையும் கொல்லுமாறு பெர்லினிலிருந்து கட்டளை வந்துவிட்டது என்பதை முகாமிலிருந்த இரகசிய எதிர்ப்புக் குழுவினர் வாயிலாக லாமசன் அறிந்தார். ஒக்டோபர் மாதத்தின் கடைசி வாரம் அதற்குக் குறிக்கப்பட்டிருந்தது. ஆனால் இதனை அவர் தம் வீரர்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் மனமொடிந்து போவர், அல்லது பயனற்ற கிளர்ச்சியில் இறங்கி உடனே மாள்வர் என அவர் கருதினார். நூற்றறுபதுக்கு மேற்பட்டோரின் மரணச் செய்தியை நெஞ்சிற் சுமந்துகொண்டு, காலைதோறும் அவர் அணியின் முன்னே நின்றார்.

அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே இருந்தது. முகாம் ஹிம்லரின் எஸ்.எஸ். படையின் கையில் இருந்தது. ஆனால் பிடிபட்ட வான்வீரர் முறைப்படி ஜேர்மன் விமானப்படையின் பொறுப்புக்கு உரியவர். அவ்விரண்டு படைகளுக்கும் இடையே போட்டி உண்டு. அன்றியும், இங்கிலாந்தில் ஜேர்மன் வான்வீரர் பலர் சிறையிருந்தனர். இங்கே விதி மீறப்பட்டால் அங்கே தம் வீரர் கதி யாதாகுமோ என்னும் கவலை ஜேர்மன் விமானப்படைக்கு இருந்தது. ஆகவே செய்தி அவர்களுக்கு எட்டினாற் போதும். முன்னரே அம்முகாமில் இருந்த ஆங்கிலேய அதிகாரி கிறிஸ்தோபர் பேர்ணி என்பவரின் உதவியுடன், அருகிலிருந்த நோரா விமானத்தளத்தில் வேலைக்குச் சென்று வரும் கைதிகள் மூலம் செய்தி இரகசியமாக அனுப்பப்பட்டது.

அதன் பயனாக ஜேர்மன் விமானப்படை அதிகாரிகள் முகாமுக்கு வந்தனர். குண்டுவீச்சின் சேதத்தைப் பார்வையிடுவதே காரணமாகக் கூறப்பட்டது. வந்தவர்களுள் ஹன்னஸ் டிராவ்ட்லொஃப்ட் என்னும் புகழ்பெற்ற போர்விமானி ஒருவர். கம்பி வேலிக்கு அப்பாலிருந்து ஜேர்மன் மொழி அறிந்த வான்வீரரொருவர் அவரை அழைத்துத் தம் நிலையைக் கூறினார். காவலர் தடுத்தும் அவ்வதிகாரி நின்று செவிமடுத்தார். திரும்பிச் சென்று மேலிடத்துக்கு அறிவித்தார். விமானப்படை தனக்குரிய கைதிகளைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு கேட்டது. நேற்றுவரை வானிற் பகைவராய் நின்றவரே இன்று உயிர்காக்கும் துணைவரானார்.

1944 ஒக்டோபர் 19ஆம் தேதி, குறித்த மரண நாளுக்குச் சில நாட்களே இருக்கையில், 156 பேர் சாகன் நகரிலுள்ள விமானப்படைக் கைதிகள் முகாமுக்கு மாற்றப்பட்டனர். இருவர் புகென்வால்டிலேயே நோயினால் மாண்டனர். நோயுற்றுக் கிடந்த எஞ்சிய பத்துப் பேரும் பின்னர் சிறுசிறு குழுக்களாக அனுப்பப்பட்டனர். சாகன் முகாமிலிருந்து அதே ஆண்டு மார்ச் மாதத்தில் தப்பி ஓடியவர்களுள் 50 பேர் பிடிபட்டுக் கொல்லப்பட்டிருந்தனர். அத்தகைய முகாமே வந்தவர்களுக்குச் சுவர்க்கம் போலத் தோன்றிற்று என்றால், அவர்கள் விட்டு வந்த இடம் எத்தகையது என்பதை உணரலாம். மழித்த தலையும் எலும்பு துருத்திய உடலுமாக வந்தவர்கள் கூறிய கதையை அங்கிருந்த தோழர்களே எளிதில் நம்பவில்லை.

வீடு திரும்பிய பின்னரும் அந்த அவநம்பிக்கை அவர்களைத் தொடர்ந்தது. போர்க் கைதிகள் வதைமுகாமில் இருந்திருக்க முடியாது என அதிகாரிகள் பலர் கூறினர். பலர் தம் மனைவி மக்களிடமும் அதைப் பற்றிப் பேசாது பல்லாண்டுகள் வாழ்ந்தனர். லாமசன் நியூசிலாந்து திரும்பி, டானவேர்க் என்னும் ஊரருகே பண்ணை வைத்து வாழ்ந்தார். மரணக் கட்டளையை அறிந்தும் மறைத்த செய்தி நெடுங்காலத்தின் பின்னரே வெளிவந்தது. 2012 மே மாதத்தில், 93ஆம் வயதில் அவர் காலமானார்.

இவ்வரலாற்றைக் கேட்போர் மறந்துவிடலாகாத மற்றொரு பக்கமும் உண்டு. 168 பேருள் 166 பேர் அம்முகாமை விட்டு உயிரோடு வெளியேறினர். அவர்களுடைய துணிவும் ஒழுங்கும் அதற்குக் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களுக்கென ஒரு சட்டம் இருந்தது. ‘இவர்கள் எமக்குரியவர்’ என்று கேட்க ஒரு படையும் இருந்தது. அதே வண்டியில் வந்த பிரெஞ்சு மக்களுக்கு அவை இருக்கவில்லை. வான்வீரனுக்குக் கதவைத் திறந்த குற்றத்துக்காகச் சிறைப்பட்டவர்களைத் தேடி எந்த அதிகாரியும் கம்பி வேலியருகே வரவில்லை. அவர்களுட் பலர் திரும்பவேயில்லை. 1945 ஏப்பிரல் 11ஆம் தேதி அமெரிக்கப் படைகள் வந்து சேரும்வரை புகென்வால்ட் தன் வேலையை நிறுத்தவில்லை.

1929ஆம் ஆண்டின் உடன்படிக்கை போர்வீரனைப் பற்றியே பேசிற்று. பொதுமகனைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் குறையை உணர்ந்தே, 1949 ஓகஸ்ட் 12ஆம் தேதி ஜெனீவா நகரில் நிறைவேறிய நான்கு உடன்படிக்கைகளுள் நான்காவது, போர்க் காலத்திற் பொதுமக்களைக் காப்பதற்கென்றே வகுக்கப்பட்டது. சட்டம் தாளில் எழுதப்படுவது. தாள் தானாக ஒருவரையும் காப்பதில்லை. புகென்வால்டில் அச்சட்டத்துக்கு உயிர் கொடுத்தவர் மூவர். வெறுங்காலுடன் வரிசையில் நின்று, தான் யார் என்பதை மறவாத கைதி ஒருவன். கம்பி வேலியருகே நின்று, பகைவன் குரலுக்குச் செவிசாய்த்த அதிகாரி ஒருவன். இவ்விருவருக்கும் முன்னதாக, சுவரிலே ஒட்டிய மரண அறிவித்தலை வாசித்த பின்னரும், நள்ளிரவிற் கதவைத் தட்டிய அந்நியனுக்கு அதனைத் திறந்துவிட்ட பெயரறியாத உழவன். முன்னைய இருவரையும் வரலாறு பெயர் கூறிப் போற்றுகின்றது. மூன்றாமவனுக்குச் செலுத்த வேண்டிய நன்றிக் கடனோ இன்னும் தீர்ந்தபாடில்லை.